ஐஸ்லாந்து மொழியைக் காப்பாற்றியது எது? பிள்ளைகளுக்குச் சொல்வதற்காகக் கேட்கிறேன்

மலர், வெள்ளவத்தை

வணக்கம். எங்கள் தொடர்மாடியில் இருக்கிற சில குடும்பங்கள் மாதம் ஒருமுறை கூடி ஒரு சின்ன நாட்டைப் பற்றி வாசித்துக் கதைக்கிறோம். பிள்ளைகளும் இருப்பார்கள். இந்த முறை எனக்கு விழுந்தது ஐஸ்லாந்து.

வாசிக்க வாசிக்க ஒரு கேள்வி என்னை விடுகுதில்லை. மொத்தச் சனம் நாலு லட்சம்கூட வராது. கொழும்பு மாநகரசபை எல்லைக்குள் இருக்கிற ஆக்களைவிடக் குறைவு. 1262 தொடக்கம் 1944 வரை முதலில் நோர்வே, பிறகு டென்மார்க் என்று வெளி அரசர்களுக்குக் கீழே இருந்திருக்கிறார்கள். அப்படியிருந்தும் 13ஆம் நூற்றாண்டில் கன்றுத்தோலில் எழுதின கதைகளை இன்றைய பள்ளிக்கூடப் பிள்ளை வாசித்து விளங்கிக்கொள்ளுமாம். இது உண்மையா? உண்மையென்றால் எது காப்பாற்றியது? சட்டமா, தீவாய் இருந்ததா, வேறேதுமா?

எங்கள் கட்டடத்துப் பிள்ளைகள் லிஃப்டுக்குள் தங்களுக்குள் ஆங்கிலத்தில்தான் கதைக்கிறார்கள். என்ர மகளும் அப்படித்தான். அவர்களுக்கு முன்னால்தான் இதைச் சொல்லப்போகிறேன். வீரக்கதை ஒன்றைக் கட்டிச் சொல்ல விருப்பமில்லை, நடந்ததைச் சொல்ல வேண்டும். தெரிந்தவர்கள் எழுதுங்கள்.


ஹரன், பம்பலப்பிட்டி

மலர் அக்கா, சட்டமும் கொள்கையும்தான் என்பது என் எண்ணம். உலகத்துக்குப் புதுப் பொருள் ஒன்று வந்தால் அவர்கள் வெளிச்சொல்லை அப்படியே எடுப்பதில்லை. தொலைபேசிக்கு, நூல் அல்லது கயிறு என்று பொருள்பட்ட, வழக்கொழிந்த ஒரு பழைய சொல்லைத் தூசி தட்டி எடுத்தார்கள். கணினிக்கு, எண்ணையும் குறிசொல்லும் பெண்ணையும் குறிக்கிற இரண்டு சொற்களைச் சேர்த்தார்கள். 1964இல் மொழிக்கென்று ஒரு அரச சபை வந்தது. பிள்ளைக்கு வைக்கிற பெயர் ஐஸ்லாந்து இலக்கணத்தில் வேற்றுமை ஏற்குமா என்று பார்க்க 1991இல் இருந்து ஒரு பெயர்க்குழுவே இருக்கிறது.

பிள்ளைகளுக்கு இதையும் சொல்லுங்கோ: எங்களைப் போலவே அவர்களில் பெரும்பாலானவர்களுக்கும் குடும்பப்பெயர் கிடையாது. யோன் என்பவரின் மகன் யோன்சன், மகள் யோன்ஸ்தோட்டிர். கல்யாணம் கட்டினாலும் பெண்ணின் பெயர் மாறாது. தொலைபேசிப் புத்தகம்கூட முதற்பெயர் வரிசையில்தான் இருந்தது. விசாப் படிவத்தில் குடும்பப்பெயர்க் கட்டத்துக்குள் அப்பாவின் பெயரை எழுதுகிறவர்கள் நாங்கள் மட்டுமில்லை.


ஞானம் மாஸ்டர், கொட்டாஞ்சேனை

பிள்ளை மலர், நல்ல கேள்வி கேட்டிருக்கிறீர். நான் வரலாறு படிப்பித்து ஓய்வுபெற்றவன். கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன், பொறுமையாக வாசியும்.

தம்பி ஹரன் சொன்ன விவரங்கள் சரி. ஆனால் ஆண்டுகளைப் பாருங்கள்: 1964, 1991. அந்தச் சபைகள் பிறக்கும்போது மொழி ஏற்கெனவே ஆயிரம் ஆண்டைக் கடந்து வந்துவிட்டது. காப்பாற்றியது எதுவோ, அது அதற்கு முன்னால் நடந்தது.

தீவாய் இருந்ததும் விடை இல்லை. பக்கத்தில் ஃபரோ தீவுகள் இருக்கின்றன. அங்கே குடியேறியவர்களும் அதே நோர்வேப் பக்கத்து மக்கள்தான். ஃபரோ மொழி பேச்சில் தப்பியது, ஆனால் கோயிலும் பள்ளிக்கூடமும் பல நூற்றாண்டு டேனிஷ் மொழியில் நடந்தன. தாய்நாடான நோர்வேயிலேயே எழுத்து மொழி டேனிஷ் ஆகிப்போனது. ஐஸ்லாந்தில் மட்டும் ஏன் அப்படி ஆகவில்லை?

முதல் காரணமாக நான் வைப்பது சமயச் சீர்திருத்தக் காலம். அது நல்ல விதமாகத் தொடங்கவில்லை. டென்மார்க் அரசர் லூதரன் சமயத்தைத் திணித்தார். எதிர்த்து நின்ற கத்தோலிக்க ஆயர் யோன் அராசனும் அவருடைய இரண்டு மகன்மாரும் 1550இல் தலை வெட்டப்பட்டார்கள். ஆனால் அதற்குப் பத்தாண்டு முன்னமே, 1540இல், புதிய ஏற்பாடு ஐஸ்லாந்து மொழியில் அச்சாகிவிட்டது. 1584இல் வடக்கே ஹோலார் என்ற இடத்தில் ஆயர் குத்பிராந்துர் தோர்லாக்சன் முழு விவிலியத்தையும் அச்சிட்டார். நோர்வேக்காரனும் ஃபரோக்காரனும் கடவுளிடம் டேனிஷில் பேசவேண்டி வந்த காலத்தில், ஐஸ்லாந்துக் குடியானவன் தன் வீட்டுப் பேச்சிலேயே செபித்தான். நிலமும் வணிகமும் போனாலும் அந்த இடத்தில் அவனுடைய மொழிக்கு மரியாதை இருந்தது. வணிகம் போனது என்று சும்மா சொல்லவில்லை: 1602 முதல் 1787 வரை டேனிஷ் தனியுரிமை. அரசர் அனுமதித்த வணிகரைத் தவிர வேறு எவருக்கும் மீன் விற்கவும் கூடாது, எவரிடமும் மா வாங்கவும் கூடாது.

இரண்டாவது காரணம்தான் என் மனதுக்கு நெருக்கமானது. பண்ணை வீடுகளில் பாத்ஸ்தோவா என்று ஒரு நீள அறை இருக்கும். வீட்டுக்காரர், வேலைக்காரர், பிள்ளைகள் எல்லாரும் அதிலேதான் படுப்பது, சாப்பிடுவது, வேலை செய்வது. மாரியில் பகல் வெளிச்சம் சில மணித்தியாலம்தான். இரவானதும் எல்லாரும் கம்பளி சீவுவார்கள், நூற்பார்கள், பின்னுவார்கள். ஒருவர் மட்டும் விளக்கடியில் இருந்து உரத்து வாசிப்பார்: பழைய குடும்பக் கதைகள், அரசர் வரலாறு, செபப் பாடல்கள். ரீமுர் என்ற எதுகைப் பாட்டுக் கதைகளை இசையோடு ஓதுவார்கள். இந்த மாலை வாசிப்பு நூற்றாண்டுக் கணக்கில் நடந்தது. அச்சுப் புத்தகம் அரிது. அச்சுக்கூடமும் நெடுங்காலம் திருச்சபையின் கையில் இருந்ததால் சமய நூல்களே பெரும்பாலும் வெளிவந்தன. ஆகவே கதைகளைக் கையால் படியெடுத்தார்கள். பண்ணைக்காரரும் மீனவரும் இரவல் வாங்கிப் படியெடுத்துத் திருப்பிக் கொடுத்தார்கள். இந்தப் பழக்கம் 19ஆம் நூற்றாண்டு முழுவதும் நடந்து 20ஆம் நூற்றாண்டின் வாசல்வரை வந்தது.

இதை முதன்முதல் வாசித்தபோது எனக்கு வடமராட்சியில் எங்கள் ஊர்க் கோயில் மண்டபம்தான் கண்ணுக்குள் வந்தது. கந்தபுராணப் படிப்பு. ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிக்க, பக்கத்தில் இருப்பவர் பயன் சொல்லுவார். எழுதப் படிக்கத் தெரியாத கிழவிகள்கூட அடுத்த பாட்டை முன்கூட்டியே முணுமுணுப்பார்கள். ஐஸ்லாந்தை விடாமல் வாசிக்க வைத்தது அந்த ஒற்றுமைதான்.

பிறகு 1740களில் லுட்விக் ஹார்போ என்ற டேனிஷ் பாதிரியார் நாட்டைச் சுற்றிப் பார்த்து எழுத்தறிவை அளந்தார். அதன் விளைவாகப் பாதிரிமார் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகள் வாசிக்கிறார்களா என்று சோதிக்கிற முறை வந்தது. பள்ளிக்கூடம் என்று சொல்ல நாட்டில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. படிப்பித்தது தாய்மாரும் பாட்டிமாரும். அந்த நூற்றாண்டு முடியும்போது அநேகமாக எல்லாரும் வாசித்தார்கள்.

எந்த நிலைமையில் வாசித்தார்கள் என்பதைப் பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லும். 1703இல் ஒவ்வொரு ஆளின் பெயரையும் எழுதி ஒரு குடிசனக் கணக்கு எடுத்தார்கள்: 50,358 பேர். 1707இல் பெரியம்மை வந்து நாலில் ஒரு பங்குக்குக் குறையாமல் கொண்டுபோனது. 1783 ஜூன் 8இல் லாக்கி எரிமலைப் பிளவு வெடித்து எட்டு மாதம் எரிந்தது. நச்சுவாயு புல்லில் படிந்து, ஆடுகளில் ஐந்தில் நாலு பங்கு செத்தது. பிறகு வந்த பஞ்சத்தில் சனத்தில் ஐந்தில் ஒருவர் போனார்கள். 1801இல் எண்ணியபோது 47,000 சொச்சம்தான் இருந்தது. நூறு வருடத்தில் சனம் பெருகவில்லை, குறைந்திருக்கிறது. அந்த நூறு வருடத்தில்தான் எல்லாரும் வாசிக்கக் கற்றார்கள்.

கையெழுத்துப் படிகளைப் பற்றியும் சொல்லவேண்டும். 1703 கணக்கெடுப்பை நடத்தியவர்களில் ஒருவர் ஆர்னி மக்னூசன். ஊர் ஊராகப் போன இடமெல்லாம் பழைய தோல் ஏடுகளைத் தேடினார். சில ஏடுகள் சப்பாத்து அடித்தோலாகியிருந்தன. ஒன்று சட்டை தைக்கிற அளவுக்கு வெட்டப்பட்டிருந்தது. திரட்டியதைக் கோப்பன்ஹேகனுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். 1728இல் அந்த நகரம் தீப்பிடித்தது. முக்கியமான தோல் ஏடுகளில் பெரும்பகுதியை மீட்டாலும், அச்சுநூல்களும் கனக்கப் படிகளும் எரிந்தன. 1730இன் தொடக்கத்தில் அவர் இறந்தார். சிறுப்பிட்டியில் பிறந்து பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளை செல்லரித்த ஏடுகளோடு பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு ஆர்னி அந்நியர் இல்லை. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை அறிந்தவர்களுக்கு 1728ஐ விளக்கத் தேவையும் இல்லை.

சுதந்திரத்துக்குப் பிறகு ஐஸ்லாந்து அந்த ஏடுகளைத் திருப்பிக் கேட்டது. டென்மார்க்கில் வழக்கும் வாதமும் நடந்து, கடைசியில் 1971 ஏப்ரல் 21 அன்று ஒரு டேனிஷ் கடற்படைக் கப்பல் முதல் இரண்டு ஏடுகளை ரெய்க்யாவிக் துறைமுகத்துக்குக் கொண்டுவந்தது. பள்ளிக்கூடங்களும் கடைகளும் பூட்டி, சனம் துறைமுகத்தில் கூடி நின்றது. ஆண்ட நாடு ஆளப்பட்ட நாட்டுக்கு அதன் நூல்களை மனமொத்துத் திருப்பிக் கொடுத்தது உலகத்தில் அரிது. லண்டன் நூதனசாலைகளில் எங்கள் நாட்டுப் பொருட்கள் இருப்பதை அறிந்த பிள்ளைகளுக்கு இது விளங்கும்.

இனி உமது முதல் கேள்வி: உண்மையா? பெரும்பாலும் உண்மை. ஆனால் பிள்ளைகள் வாசிப்பது இன்றைய எழுத்துக்கூட்டலில் பதிப்பித்த, குறிப்புரையோடு கூடிய புத்தகம். உச்சரிப்பும் நன்றாக மாறிவிட்டது. 13ஆம் நூற்றாண்டு எழுத்தாளர் ஸ்னோரி ஸ்டுர்லுசன் இன்று எழுந்துவந்து பேசினால் ரெய்க்யாவிக் பிள்ளை தடுமாறும். மாறாதது வேற்றுமையும் வினைவிகுதியும் அடிச்சொற்களும். எங்களுக்கும் அவர்களுக்கும் பெரிய வித்தியாசம் ஒன்று உண்டு: எழுதுகிற தமிழ் வேறு, கதைக்கிற தமிழ் வேறு என்று நாங்கள் வாழ்கிறோம். அவர்களுக்கு இரண்டும் அருகருகே இருக்கின்றன. அந்த மாலை அறையில் புத்தகத்துப் பேச்சும் வீட்டுப் பேச்சும் நூற்றாண்டுகளாக ஒன்றையொன்று கேட்டுக்கொண்டே இருந்தன என்பதுதான் என் விளக்கம்.

ஆகவே பிள்ளைகளை லிஃப்டுக்குள் திருத்தவேண்டாம். இரவு சாப்பாட்டுக்குப் பிறகு கால்மணி நேரம் நீர் உரத்து வாசியும்.


லோகா, வத்தளை

மாஸ்டர் எழுதினதை வாசித்து மனம் நிறைந்தது. ஆனால் அந்த அறையில் கம்பளி பின்னினவர்கள் யார் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லவேண்டும், மலர் அக்கா. நான் ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பிள்ளை. எனக்கு அந்த இடம்தான் உறுத்துகிறது.

ஐஸ்லாந்தில் விஸ்தார்பாந்த் என்று ஒரு கட்டு இருந்தது. சொந்தமாகவோ குத்தகையாகவோ நிலம் இல்லாதவர் எவரும் ஏதாவது ஒரு பண்ணையில் ஆண்டு ஒப்பந்தத்தில் வேலைக்காரராகப் பதிந்துதான் வாழவேண்டும். நினைத்த இடத்தில் குடிசை போட்டு மீன் பிடித்துப் பிழைக்க விடமாட்டார்கள். வசந்தகாலத்தில் குறித்த சில நாட்களில் மட்டும் பண்ணை மாறலாம். நிலமில்லாமல் கல்யாணம் கட்டிக் குடும்பமாவதும் பெரும்பாடு. சனத்தில் பெரிய பங்கு இப்படி இருந்தது. 1863இல் கொஞ்சம் இளகி, 1894இல்தான் கட்டு பெரிதும் தளர்ந்தது. எங்கள் பாட்டன்மார் துண்டு என்கிற விடுவிப்புச் சீட்டு இல்லாமல் ஒரு தோட்டத்தை விட்டு இன்னொரு தோட்டத்துக்குப் போகமுடியாது. அந்தத் துண்டு முறை 1921இல்தான் ஒழிந்தது. கதை வேறு, ஊர் வேறு. ஆனால் காலை ஊன்ற நிலமில்லாத ஆளைச் சட்டம் எப்படிப் பிடித்து வைத்தது என்பது எனக்கு நன்றாகத் தெரிகிறது.

1870இல் இருந்து 1914 வரை பதினைந்தாயிரம் பேர் அளவில் வட அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார்கள். 1875இல் கனடாவின் வின்னிபெக் ஏரிக்கரையில் கிம்லி என்று ஊர் அமைத்து அதைப் புதிய ஐஸ்லாந்து என்றார்கள். எரிமலையும் குளிரும் காரணம்தான். நிலம் கிடைக்கும் என்ற ஆசையும் காரணம்.

மொழியைக் காத்தது அந்த வீடு என்றால், அந்த வீட்டில் கூலியாக இருந்தவர்களும் காத்தவர்கள்தான். ஆண்டுக்கு ஆண்டு பண்ணை மாறின அவர்கள் பாட்டையும் பேச்சையும் பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு கொண்டுபோயிருப்பார்கள். அவ்வளவு பெரிய தீவில் வட்டார வழக்கு வேறுபாடு மிகக் குறைவாக இருப்பதற்கு அவர்களுக்கும் பங்கு உண்டு என்று நான் நம்புகிறேன்.


ஞானம் மாஸ்டர், கொட்டாஞ்சேனை

லோகா, நீங்கள் எழுதினது என் பதிலில் இருந்திருக்கவேண்டியது. மலர், இதைக் கட்டாயம் சேரும்.


சுபா, ஒஸ்லோ (இப்ப தெஹிவளையில் அம்மாவோடு)

எல்லாரும் பழசைச் சொல்லிவிட்டீர்கள், நான் இன்றையதைச் சொல்கிறேன். என் மகள் ஒஸ்லோவில் பிறந்து வளர்ந்தவள். ரெய்க்யாவிக்கில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள்.

நோர்வேஜியன் தெரிந்தால் ஐஸ்லாந்து மொழி சுலபம் என்று நினைத்துத்தான் போனாள். எழுத்தைப் பார்த்தால் வேர் தெரிகிறது, காதால் கேட்டால் பிடிபடாது. நாலு வேற்றுமை, மூன்று பால். ஒன்று முதல் நாலு வரை எண்கள்கூட மாறும். ஆளின் பெயரும் வேற்றுமைக்கு ஏற்ப மாறும், அவளுடைய தமிழ்ப் பெயருக்கு என்ன செய்வதென்று சக வேலைக்காரர் கூடி யோசித்தார்களாம்.

ஆனால் பெரிய தடை இலக்கணம் இல்லை. வாய் திறந்து ஒரு வசனம் பிழையாகச் சொன்னவுடன் எதிரே நிற்பவர் ஆங்கிலத்துக்கு மாறிவிடுவார். உதவி செய்கிற எண்ணத்தில்தான். இப்படியே கோப்பிக்கடை, பஸ், வங்கி எல்லாம் ஆங்கிலத்தில் முடிந்துவிடும். அவளுக்கு மொழி வந்தது அந்த இல்லத்துக் கிழவிகளால்தான். அவர்களுக்கு அவசரமில்லை. ஒரு சொல்லை அவள் சரியாகச் சொல்லும்வரை கையைப் பிடித்துக்கொண்டு இருப்பார்கள். தவக்காலத்தில் வானொலியில் ஹல்கிரிமுர் பேத்துர்சனின் இயேசுவின் பாடுகளைப் பற்றிய 17ஆம் நூற்றாண்டுப் பாடல்கள் வாசிக்கிறபோது பக்கத்தில் இருத்திப் பொருள் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். மாஸ்டர் சொன்ன பயன் சொல்லுதல் இன்னும் நடக்கிறது.

1990களின் நடுவில் குடிவந்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்தான். இன்றைக்கு ஐந்தில் ஒருவருக்குக் கிட்ட. போலந்துக்காரர்தான் கூடுதல். மீன் தொழிற்சாலை, கட்டட வேலை, ஹோட்டல், ஆஸ்பத்திரி எல்லாவற்றிலும் அவர்கள். முன்பெல்லாம் குடியுரிமை எடுத்தால் ஐஸ்லாந்துப் பெயர் வைக்கவேண்டும் என்றிருந்தது. 1990களில் அந்தக் கட்டாயம் போனது. இப்போது மொழிப் பரீட்சை இருக்கிறது. வடமேற்கே இசாஃபியொர்துர் என்ற சின்ன ஊரில், வந்தவர்களோடு ஆங்கிலத்துக்கு மாறாமல் பொறுமையாக ஐஸ்லாந்து மொழியிலேயே கதைப்போம் என்று ஒரு இயக்கமே தொடங்கியிருக்கிறார்கள். பிழையோடு பேசுகிறவரைப் பேசவிடாத மொழிக்குப் புது ஆக்கள் சேரமாட்டார்கள். எங்கள் வெளிநாட்டுப் பிள்ளைகளின் தமிழைக் கேட்டு உறவினர் சிரிக்கும்போது எனக்கு நெஞ்சு வலிக்கும். அந்தச் சிரிப்போடு பிள்ளை வாயை மூடிவிடும்.


ஹரன், பம்பலப்பிட்டி

மாஸ்டர் சொன்ன ஆண்டுக் கணக்கை ஒத்துக்கொள்கிறேன். இன்றைக்கு அரசுக்கு வேலை இருக்கிறது என்பதையும் விடமாட்டேன். பிள்ளைகள் பார்க்கிற காணொளியும் பேசுகிற கருவியும் ஆங்கிலத்தில். இதைக் கண்டு ஐஸ்லாந்து அரசு 2019இல் ஒரு மொழித் தொழில்நுட்பத் திட்டத்தைத் தொடங்கிக் காசு போட்டது. பொதுமக்கள் இணையத்தில் வசனங்களை வாசித்துக் குரலைத் தானமாகக் கொடுத்தார்கள், பள்ளிக்கூடங்களுக்கு இடையில் போட்டியே வைத்தார்கள். எங்கள் பிள்ளைகளின் இலங்கைத் தமிழ்க் குரல் எந்தக் கருவிக்கும் இன்னும் ஒழுங்காய் விளங்குதில்லை.


மலர், வெள்ளவத்தை

எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி. பெரியவர்களிடமிருந்து ஒரு கேள்வி கட்டாயம் வரும் என்று தெரியும்: 2008இல் அங்கே வங்கிகள் விழுந்தன, 2022இல் நாங்கள் விழுந்தோம். அவர்கள் எப்படி எழும்பினார்கள்? மாஸ்டர், சுருக்கமாக?


ஞானம் மாஸ்டர், கொட்டாஞ்சேனை

பிள்ளை, இரண்டு வீழ்ச்சியும் ஒன்றல்ல. எங்களுக்கு முறிந்தது அரசின் கடன். அவர்களுக்கு முறிந்தவை தனியார் வங்கிகள் மூன்று. அவற்றின் பொறுப்புகள் நாட்டின் ஆண்டு உற்பத்தியைப் போல ஒன்பது பத்து மடங்கு. 2008 ஒக்டோபரில் ஒரு வாரத்துக்குள் மூன்றும் விழுந்தன. அரசு அவற்றை விழவிட்டு, உள்நாட்டு வைப்புகளை மட்டும் காத்தது. சர்வதேச நாணய நிதியத்திடம் அவர்களும் போனார்கள். பணம் வெளியே போகாதபடி போட்ட கட்டுப்பாடு 2017 வரை நீடித்தது. கனபேர் வேலை தேடி நோர்வே போனார்கள். சுபாவுக்கு இது தெரிந்திருக்கும்.

2009 ஜனவரியில் சனம் பானை சட்டியைத் தட்டிக்கொண்டு அல்திங்கி வாசலில் நின்றது. அந்தப் பாராளுமன்றம் 930இல் திங்வெட்லிர் பாறைவெளியில் கூடத் தொடங்கியது; அதன் இன்றைய கட்டடத்து வாசல் அது. அரசு பதவி விலகியது. விசேட வழக்குத்தொடுநர் ஒருவரை வைத்து விசாரித்து, வங்கித் தலைவர்கள் பலரைச் சிறைக்கு அனுப்பினார்கள். முன்னாள் பிரதமரும் விசேட நீதிமன்றத்தில் நின்றார். 2012இல் ஒரு குற்றச்சாட்டில் மட்டும் குற்றவாளி என்றார்கள், தண்டனை இல்லை. மீன் ஏற்றுமதி கை கொடுத்தது. 2010இல் எரிமலை வெடித்து உலகமெல்லாம் பெயர் தெரிந்தபின் சுற்றுலா பெருகியது. 2018இல் அங்கே போனவர்கள் 23 லட்சம், அதே ஆண்டு இலங்கைக்கு வந்தவர்களும் 23 லட்சம். அங்கே குடிசனமே நாலு லட்சத்துக்குக் கீழே என்பதை வைத்து அந்தச் சுமையை யோசியும். வீட்டு வாடகை ஏறினதும் வெளியிலிருந்து வேலையாட்கள் வந்ததும் இதன் தொடர்ச்சிதான்.

முடியாத ஒன்றும் இருக்கிறது. புது அரசியலமைப்பு வேண்டும் என்று 25 பொதுமக்களைக் கொண்ட சபை வரைவு எழுதியது. 2012 ஒக்டோபரில் வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அதை ஆதரித்தார்கள். அல்திங்கி அதை நிறைவேற்றவில்லை. பெரியவர்களோடு கதைக்க நல்ல விசயம். ஆனால் அதற்குத் தனியாக ஒரு மாலை தேவைப்படும். பிள்ளைகள் இருக்கிற கூட்டத்தில் 1783ஐயும் அந்த நீள அறையையும் லோகா சொன்ன வேலைக்காரரையும் மட்டும் எடும். எந்த ஞாயிறு என்று எழுதினால் நானும் வருகிறேன்.